நல்லாயிருக்கு என்று சொல்லாதவள்

எங்கள் புடவைக்கடையில் நான்கு வருடம் வேலை செய்தவள், ஒரு புடவையைக்கூட நல்லாயிருக்கு என்று சொல்லி விற்றதில்லை. வாங்க வந்தவர்கள் முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, "எப்படிப் பிள்ள இருக்கு?" என்று ஆசையோடு கேட்பார்கள். அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பாள். "அதுக்கென்ன, கட்டலாம்" என்பாள். அதற்குமேல் ஒரு சொல் வராது. மற்ற விற்பனைப் பெண்கள், இது அக்காவின் நிறத்துக்கென்றே நெய்தது, இதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனால் சாமியே திரும்பிப் பார்க்கும் என்றெல்லாம் அளந்துகொண்டிருப்பார்கள். அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும். "இந்தப் பிள்ள வாயில சீனி வைக்க மறந்துட்டாங்க" என்று அவளைப் பற்றி என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். ஆனால் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பதுளைக்கு வருகிற பெண்கள், எங்கள் கடைப்படி ஏறும்போதே "அந்த ஸ்பிரிங்வெளிப் பிள்ள எங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். அவள் கட்டலாம் என்று சொன்னால் கட்டலாம் என்று நம்பினார்கள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், அதுக்கென்ன என்பாள். எனக்குத்தான் கை வரவில்லை. ஏழெட்டு வருடம் ஒருத்திமேல் பொறாமைப்பட்டுவிட்டால் அவள் பெயரைச் சொல்வதே அவளிடம் தோற்றுப்போகிற மாதிரி இருக்கிறது.

சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போனபோது ஒருமுறை அவளையும் கூட்டிப்போனோம். இருபத்தொரு வயதுவரை கடலைப் பார்த்திராதவள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில், வரிசையாய்க் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில் பிறந்து, பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஒரு வருடம் அம்மாவோடு கொழுந்து பறித்துவிட்டு, பிறகு முதல் பஸ்ஸைப் பிடித்து எங்கள் கடைக்கு வரத் தொடங்கியவள். காலிமுகத்திடல் கடற்கரையில் வேனை நிறுத்தச் சொன்னேன், அவள் முகம் எப்படி ஆகிறது என்று பார்ப்பதற்காகவே. அப்பாகூடக் கீழே இறங்கி, ஏதோ தானே வெட்டிவிட்ட கடல் என்பதுபோலக் கையை நீட்டி, "நல்லாப் பாரும்மா" என்றார். அவள் காற்றில் பறந்த பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தாள்.

"நெறையத் தண்ணி" என்றாள்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அதுக்கென்னக்கா, கடலுன்னா தண்ணிதானே."

அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்குக் கோபமே வந்தது. வாங்கிக்கொடுத்த இறால் வடையை அவள் வாலைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றாள். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் நோர்வே கிடைத்தது.

நோர்வே என்னுடையது. எங்களுக்குத் துணி கொடுக்கும் கொழும்பு ஏஜென்ட் ஒரு வருடம் கொடுத்த நாட்காட்டியில் ஆகஸ்ட் மாதத்துக்கு அந்தப் படம் போட்டிருந்தார்கள். செங்குத்தாக இரண்டு மலைகள், நடுவில் கடல் உள்ளே புகுந்துவந்து கரும்பச்சையாய் அசையாமல் கிடக்கிறது. ஃபியோர்ட் என்று அதற்குப் பெயராம். மேலே ஒரு பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பில், முதுகில் பெரிய பை மாட்டிய ஒரு பெண் முகம் தெரியாமல் நிற்பாள். அந்தப் பெண் நான்தான் என்று அன்றைக்கே முடிவுசெய்துவிட்டேன். செப்டம்பர் வந்தபோது தாளைத் திருப்பவில்லை. அந்த வருடம் முழுவதும் கல்லாவுக்கு மேலே ஆகஸ்டாகவே தொங்கியது.

அதற்குப் பிறகு பித்துப் பிடித்ததுபோல ஆனேன். ஃபோனில் நூற்றுக்கணக்கில் படங்கள். எந்தப் பாதையில் எந்த மாதம் பனி கரையும், கூடாரத்தை எப்படி மடிப்பது, பையில் எதை அடியில் வைப்பது, எதை மேலே வைப்பது, எல்லாம் எனக்குத் தெரியும். கல்லாவில் உட்கார்ந்தபடியே தெரியும். "மலையில பொறந்தவளுக்கு என்னத்துக்குடி இன்னொரு மலை?" என்று அம்மா கேட்பாள். உண்மையில் எங்கள் மலையில்கூட நான் நடந்ததில்லை. பதுளையில் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண்பிள்ளைகள் கால்நடையாகப் போகிற தூரம் கோயில்வரைதான். அப்புத்தளைக்குப் போனாலும் வேனில் போய், பனிமூட்டத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவோம்.

என் பித்தைக் கேட்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். பகல் இரண்டு மணிக்குக் கடையில் கூட்டம் ஓயும். அவள் கலைந்த புடவைகளை மடித்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஒவ்வொரு படமாகக் காட்டுவேன். இது இந்த மலை, இது இந்த நீர்வீழ்ச்சி, இங்கே கோடையில் சூரியன் மறையவே மறையாது என்று சொல்வேன். அவள் மடிப்புக் கலையாமல் எட்டிப் பார்ப்பாள். "அதுக்கென்ன, போயிட்டு வாங்க அக்கா" என்பாள், ஏதோ நான் பக்கத்துப் பண்டாரவளைக்குப் போகக் கேட்டதுபோல. அப்படி அவள் சொல்லும்போது மட்டும் எனக்குப் போய்விடலாம் என்றே தோன்றும்.

தோட்டங்களில் சிறுபிள்ளைகளுக்கு உதவி செய்கிற ஒரு தொண்டு நிறுவனம் இருந்தது. அவர்கள் எங்கள் ஊவா மாகாணத்திலிருந்து ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் தெரிவுசெய்து நோர்வேயில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார்கள். நான்கு மாதம். பெரும்பகுதி பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான், பையை முதுகில் போட்டுக்கொண்டு மலைகளிலும் ஃபியோர்ட் கரைகளிலும் நடந்து கூடாரத்தில் தூங்கவேண்டும். செலவெல்லாம் அவர்களுடையது. இதை ஃபோனில் முதலில் பார்த்தவள் நான். உடனே அப்பாவிடம் ஓடினேன்.

அப்பா எடுத்த எடுப்பிலேயே கேட்ட கேள்வி, "நேர்முகத்துக்கு யாரு கூடப் போவ?" என்பது. எங்கள் வீட்டில் கல்யாணமாகாத பெண் பல் பிடுங்கப் போனாலும் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அண்ணனுக்கு நேரமில்லை, அம்மாவுக்குக் கால் வலி. அதனால் அவள் பெயரிலும் ஒரு விண்ணப்பத்தை நானே எழுதினேன்.

"நான் என்னத்துக்குக்கா?" என்றாள்.

"தொணைக்குத்தான். ரெண்டு பேராப் போனா அப்பா விடுவாரு."

"அதுக்கென்ன, வாறேன்."

ஏன் இந்தப் பயணத்துக்கு வர விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. என்னுடையதில் ஒன்றரைப் பக்கம் ஆங்கிலத்தில் பொழிந்துவிட்டேன். அவளுக்கு என்ன எழுத என்று கேட்டேன். "அக்கா போறாங்க, நானும் போறேன்னு எழுதுங்க" என்றாள். சிரித்துக்கொண்டே அப்படியே எழுதிவைத்தேன். போட்டிக்கு நிற்கிறவளையே துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிற புத்தி எங்களைப் போன்ற கடை வீட்டில் வளர்ந்தவளுக்குத்தான் வரும்.

கடைசித் தேர்வு ஒருநாள் நடை. பன்னிரண்டு பேர் மிஞ்சியிருந்தோம். ஆளுக்கொரு பை, உள்ளே அரிசிப் பொட்டலங்களை வைத்துப் பன்னிரண்டு கிலோ கட்டியிருந்தார்கள். நமுனுகுல மலையில் ஒரு திட்டுவரை ஏறவேண்டும். நோர்வேயிலிருந்து வந்த அறுபது வயதுப் பெண்மணி ஒருத்தி எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தாள். எனக்குக் கொழும்பிலிருந்து தருவித்த மலையேறும் சப்பாத்து, கணுக்காலைக் கவ்விப் பிடிக்கிற வகை. எங்கள் கடைப்பிள்ளைக்கு ரப்பர் செருப்பு. பையை மாட்டிப் பத்தடி நடந்தவள் நின்றுவிட்டாள். "இது தோளப் புடிச்சு பின்னுக்கு இழுக்குதுக்கா" என்று சொல்லி என் சால்வையைக் கேட்டாள். அதை முறுக்கிப் பையின் தலைப்பில் கட்டி, வளையத்தை உச்சந்தலையில் மாட்டி, கொழுந்துக்கூடை சுமக்கிற மாதிரியே முன்னுக்குக் குனிந்து நடக்கத் தொடங்கினாள். கூட வந்த பையன்கள் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நோர்வேப் பெண்மணி மட்டும் நின்று உற்றுப் பார்த்துவிட்டு ஏறினாள்.

முதல் ஒருமணி நேரம் வழியிலிருந்த செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டு போனேன். இரண்டாவது மணி நேரத்தில் எனக்குக் குரலே இல்லை. சப்பாத்துக்குள் எப்படியோ இரண்டு அட்டைகள் புகுந்துவிட்டன. ஒரு வளைவில் உட்கார்ந்து, "என்னால முடியாது" என்று அழுதேவிட்டேன். மற்றவர்கள் முன்னே போய்விட்டிருந்தார்கள்.

"அதுக்கென்ன, குடுங்க" என்று என் பையை வாங்கி நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வெறுங்கையோடு நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன். ஒருமணி நேரத்துக்கு மேலிருக்கும். அவளுக்கு மூச்சு வாங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. திட்டுக்கு முந்திய திருப்பத்தில் நின்று பையைக் கழற்றினாள்.

"இனி மாட்டிக்கங்க அக்கா. அங்க ஆளுக நிக்கிறாங்க."

மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டதோடு நிற்கவில்லை, அவளை முந்திக்கொண்டு போய் முதலாளாக அந்தப் பெண்மணிக்கு முன்னால் நின்றேன். கஷ்டமாக இருந்ததா என்று கேட்டாள். கொஞ்சமும் இல்லை என்றேன். பின்னால் வந்து சேர்ந்தவளிடமும் அதையே கேட்டாள். "அக்கா கூட இருந்தாங்க, அதுனால தெரியல" என்று அவள் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னதும் நான்தான்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. இரண்டு விண்ணப்பத்துக்கும் என் மின்னஞ்சலைத்தான் கொடுத்திருந்தேன். முதலாவது எனக்கு, வருந்துகிறோம் என்று. இரண்டாவது அவளுக்கு. அவள் ஏணியில் ஏறி மேல் தட்டில் துணிக்கட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் நான் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை அழித்துவிடலாமா என்றுதான் அந்த அரைமணி நேரமும் யோசித்தேன். அழிக்காததற்கு என் நல்ல மனது காரணமல்ல, அவர்கள் ஃபோன் எடுத்து விசாரிப்பார்கள் என்ற பயம்தான். கடைசியில் ஏணிக்குக் கீழே போய் நின்று சொன்னேன்.

"ஒனக்குக் கெடைச்சிருக்கு."

"ஒங்களுக்கு?"

"இல்ல."

கையிலிருந்த துணிக்கட்டை மேல் தட்டில் தள்ளிவைத்தாள். "அப்ப நான் போகலக்கா" என்றாள். அந்த வார்த்தைக்காகத்தான் அவளை அதிகமாக வெறுத்தேன். அவள் விட்டுக்கொடுத்து நான் வாங்கிக்கொள்வதா? "போகாம என்ன? எனக்கு வேற எடம் இருக்கு" என்று வெடுக்கென்று சொன்னேன். தெரிந்தவர்களிடமெல்லாம், அது தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிய இடமாம் என்று சொல்லிவைத்தேன். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானே கட்டிய கதை.

போவதற்கு முன் என்னிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். எங்களோடு இருந்த நான்கு வருடத்திலும் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். "அக்கா, அந்தச் சப்பாத்து ஒங்களுக்கு இப்ப வேணுங்களா?" "ஒனக்கு அது சேராது" என்றேன். சேரும். கடைக்குப் பின்னால் குழாயடிக்குப் போகும்போது ஒருத்தி செருப்பை மற்றவள் போட்டுக்கொண்டு போவோம், அளவு எனக்குத் தெரியாதா? "அதுக்கென்னக்கா" என்று போய்விட்டாள். பஜாரில் நடைபாதையில் விற்கிற ஒரு சோடியை வாங்கிக்கொண்டு விமானம் ஏறினாள். என் சப்பாத்து பெட்டியிலேயே கிடந்தது. இரண்டு வருடம் கழித்து எடுத்தபோது அடிப்பாகம் உதிர்ந்து தூளாகிவிட்டது.

அங்கிருந்து வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவாள். நான் கடையின் பின்னறைக்குப் போய், துணிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்பேன். பதில் போட்டதே இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை கேட்டேன்.

"அக்கா, இங்க குளிருதான். நம்ம நுவரெலியாவ விட ஒரு சுவெட்டர் கூட. அதுக்கென்ன, பழகிரும்."

"நீங்க காட்டுன அருவி பாத்தேங்க்கா. நம்ம துன்ஹிந்த மாதிரித்தான். பத்துப் பதினஞ்சு துன்ஹிந்த வரிசையா ஊத்துது, அவ்வளவுதான்."

ஃபியோர்ட்டைப் பார்த்த நாளில் வந்த செய்தி பதினைந்து விநாடிகூட இல்லை. "அந்தத் தண்ணிய பாத்துட்டேங்க்கா. மகியங்கனைப் பக்கம் அணைக்கட்டுத் தண்ணி இருக்குல்ல, அது மாதிரித்தான். ரெண்டு பக்கமும் மலை. அதுக்கென்ன." அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அணைக்கட்டா? எனக்குத் துணிக்கட்டைக் குத்தவேண்டும் போல இருந்தது. நான் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதியிருப்பேன். கண் உள்ளவளை இங்கே கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, எதைப் பார்த்தாலும் அதுக்கென்ன என்கிற ஒருத்தியைப் பொறுக்கி எடுத்து அங்கே அனுப்பியிருக்கிறார்களே என்று புழுங்கினேன். அவள் போனதுகூட அவ்வளவு உறுத்தவில்லை. போய் அதை வீணாக்குகிறாளே என்பதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

அவள் அனுப்பியதில் ஒன்றை மட்டும் நான் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு சாமி இருக்கும். மரத்தடியில் நாலு கல், அதில் கொஞ்சம் மஞ்சள், குங்குமம். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் மலைக்குள் இறங்குவார்கள். நோர்வேயில் முதல் நாள் மலைமுகட்டில் கற்களைக் கூம்பாக அடுக்கிவைத்திருந்ததைப் பார்த்ததும், அந்த மலைச்சாமி அதுதான் என்று நினைத்துவிட்டாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கொண்டுபோயிருந்த விபூதியைப் பூசி, கற்பூரம் ஏற்றியிருக்கிறாள். காற்றில் மூன்று தடவை அணைந்ததாம். கூட வந்தவர்கள் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி நின்றிருக்கிறார்கள். கொஞ்சதூரம் போனால் இன்னொரு குவியல். அதற்கும் பூசை. ஐந்தாறு குவியலுக்குப் பிறகுதான் அவர்களை நடத்திப்போன குழுத்தலைவி மெதுவாகச் சொன்னாளாம், இது பனிமூட்டத்தில் பாதை தெரிவதற்காக அடுக்கிய கல் என்று. "வழி காட்டுற கல்லுன்னா அதுவும் சாமிதானேக்கா, அதுக்கென்ன" என்று கடைசிவரை எல்லாவற்றையும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டுதான் போனாளாம். இந்தக் கதையை நான் கடைக்கு வந்தவர்களிடம் அவள் குரலிலேயே நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான்கு மாதம் முடிந்து வந்தவள், அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கடைக்கு வந்து நின்றாள். கையில் எல்லோருக்கும் சொக்லேட். "எப்படிம்மா இருந்துச்சு?" என்று அப்பா கேட்டார். "அதுக்கென்ன மொதலாளி, இருந்துச்சு" என்றாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே கேட்கவில்லை. பகல் இரண்டு மணிக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து புடவை மடிப்பாள், நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கேள்விக்குக் காத்திருக்கிறாள் என்று தெரியும். கேட்காமல் இருப்பது ஒன்றுதான் அவளுக்கு நான் கொடுக்க முடிந்த தண்டனை.

ஒரு வருடத்தில் லுணுகலையில் கல்யாணம் முடிந்து போய்விட்டாள். நான் போகவில்லை, அப்பாவிடம் ஒரு புடவை கொடுத்துவிட்டேன். அங்கே ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை, கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நோர்வேவரை போய்விட்டு வந்து கடைசியில் தொட்டில் ஆட்டுகிறாள் என்று நினைத்தபோது மனதுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. எனக்கோ அதற்குப் பிறகு டொலர் ஏறியது, வியாபாரம் சுருங்கியது, அப்பாவும் போய்விட்டார். வெளிநாடு என்ற பேச்சே வீட்டில் இல்லாமல் போயிற்று.

போன மாதம் ஒரு மத்தியானம், முதுகில் பெரிய பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைப்படி ஏறி வந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு துண்டுத் தாளில் எங்கள் கடை விலாசம். நோர்வேயில் எங்கள் கடைப்பிள்ளையோடு ஒரே கூடாரத்தில் தூங்கியவளாம். இலங்கைக்கு வந்தால் இந்த விலாசத்தில் கேட்டால் தன்னைக் கண்டுபிடிக்கலாம் என்று அவள் எழுதிக்கொடுத்தாளாம். தேநீர் வரவழைத்தேன். கல்யாணம், லுணுகலை எல்லாம் சொன்னேன். அவள் சந்தோஷத்தில் ஃபோனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள்.

எடுத்த உடனே எனக்கு இடம் தெரிந்துவிட்டது. அதே பாறை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அதே விளிம்பு. காற்றுச் சத்தம். பையின் வளையத்தைத் தலையில் மாட்டிக் குனிந்தபடி அவள் ஏறி வருகிறாள். விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நிமிர்கிறாள். பை நழுவிக் கீழே விழுகிறது. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொள்கிறாள். பிறகு அந்தக் குரல் வந்தது. நான்கு வருடம் பக்கத்தில் இருந்தும் நான் கேட்டிராத குரல்.

"ஐயோ... ஐயோ அம்மா... என்ன அழகு... என்ன அழகு இது!"

அழுகிறாள், சிரிக்கிறாள். தொப்பென்று உட்கார்ந்து பாறையைக் கையால் அடிக்கிறாள். இந்தப் பெண்ணும் இன்னொருத்தியும் ஓடிவந்து பிடித்துக்கொள்கிறார்கள். அவள் நிறுத்தவில்லை. "இத நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன்? அக்காகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

வீடியோ முடிந்தது. கடையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அவள் என்ன சொல்கிறாள்?" என்று அந்தப் பெண் ஆவலோடு கேட்டாள். "நாங்கள் எத்தனையோ தடவை கேட்டோம். ஒன்றுமில்லை என்று சிரித்துவிடுவாள். இத்தனை வருடமாக எங்களுக்குத் தெரியவேண்டும்."

ஆங்கிலம் எனக்கு நன்றாக வரும். "ரொம்பக் குளிர்கிறது என்கிறாள்" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்று அவள் சிரித்தாள். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அவளை பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய் லுணுகலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கடைக்குத் திரும்பி, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் உட்கார்ந்திருந்தேன். விருந்தாளி வருகிற செய்தியைச் சொல்லத்தானே வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு எண்ணை அழுத்தினேன்.

"அக்கா!" என்றாள். என் எண்ணை இன்னும் வைத்திருந்தாள். பின்னால் நாலைந்து குழந்தைகளின் சத்தம்.

"நோர்வேயில இருந்து ஒன் கூட்டாளி வந்திருக்கா. பஸ் ஏத்தி விட்டிருக்கேன்."

"அதுக்கென்னக்கா, வரட்டும். நீங்க நல்லா இருக்கீங்களா?"

"நீ அந்தப் பாறையில உக்காந்து அழுத வீடியோவக் காட்டுனா."

அவள் குழந்தைகளை விட்டுத் தள்ளிப் போனாள், சத்தம் குறைந்தது.

"ஏன் எனக்குப் பொய் சொன்ன? அணைக்கட்டுத் தண்ணின்னு ஏன் சொன்ன?"

"அடுத்தவங்க பொருளப் பாத்து நல்லாயிருக்குன்னு சொல்லக் கூடாதுக்கா" என்றாள் மெதுவாக. "எங்க லயத்துல சின்னதுலயே வாயில அடிச்சுச் சொல்லிக் குடுத்துருவாங்க. கண்ணு பட்டுரும். அப்பறம் ஒண்ணு ஆச்சுன்னா, இந்தப் பிள்ள வந்து பாத்துச்சு, அதுனாலதான்னு நம்மளச் சொல்லுவாங்க."

"அது என் பொருளா?"

"பின்ன யாருதுக்கா? நீங்கதானே காட்டுனீங்க. நீங்க போக வேண்டிய எடத்துல நின்னுக்கிட்டு நான் எப்படி நல்லாயிருக்குன்னு சொல்றது? நீங்களாக் கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீங்க கேக்கல."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "நான் ஒன்மேல பொறாமையில கெடந்தது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுமே" என்றாள், மழை பெய்ததா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல.

"இப்பக் கேக்குறேன். எப்படி இருந்துச்சு?"

"வேணாங்க்கா."

"சொல்லு."

தொடங்கினாள். "நம்ம அப்புத்தளையில மேலருந்து பாத்தா எப்பவும் மேகம் மூடிருக்கும்லக்கா? அங்க மேகமே இல்ல. அடி வரைக்கும் தெரியுது. கீழ ஒரு கப்பல் போச்சு, ஒரு கொழுந்து எல அளவு. அது போற கோடு தண்ணியில அப்படியே நிக்குது, அழியவே இல்ல. ராத்திரி பத்து மணிக்கு வெயில் அடிக்குதுக்கா, மஞ்சளா, அந்தப் பாறையெல்லாம் இப்பத்தான் பொறந்த மாதிரி. அப்பறம் சத்தம். நம்ம மலையில எங்க நின்னாலும் யாராச்சும் யாரையாச்சும் வேலைக்குக் கூப்புடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்ல? அங்க நின்னு கேட்டுப் பாத்தேன். யாரும் யாரையும் கூப்புடல. அப்பத்தான்க்கா எனக்கு அழுக வந்துச்சு."

இரண்டு பெண்கள் படியேறி வந்து புடவை கேட்டார்கள். உட்காருங்கள் என்று கையால் காட்டினேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பனி உருகி ஓடுகிற ஓடையை, மலையைப் புரட்டிப்போட்டதுபோலத் தண்ணீருக்குள் தெரிந்த மலையை, கூடாரத்துத் துணியின் வழியாக வந்த வெளிச்சத்தை. எனக்கு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதத் தெரியும் என்று நினைத்திருந்தேனே, இவ்வளவையும் நான் பார்த்திருக்கமாட்டேன். ஒவ்வொன்றும் நெஞ்சில் போய்த் தைத்தது.

நடுவில் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா, வயிறு எரியுதா?"

"எரியுது" என்றேன். "நிறுத்தாத, சொல்லு."